இருபத்து மூன்றாவது வீடு

ஆடியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கீழவடகரைத் தெருவே நாற்றங்காலில் குனிந்து கிடந்த நேரம் பார்த்துத்தான் ஸ்பெஷல் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வைத்தியலிங்கம், சர்க்கார் கட்டித் தரும் வீடுகளுக்கு ஆள் எழுத வந்தார். குடவாசல் வரைக்கும் பஸ்ஸில் வந்து, அங்கே வாடகை சைக்கிள் எடுத்து, மூன்று மைல் வரப்பும் கப்பி ரோடுமாக மிதித்து வந்திருந்தார். திருவையாற்றுப் பக்கத்து மனிதர். ரிடையர் ஆக ஒன்றரை வருஷம் இருந்தது. வேப்ப மரத்தடியில் யாரோ போட்ட பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களை நீவிக்கொண்டே பெயர் பெயராகக் கூப்பிட்டார்.

அம்சம் நாற்று முடியைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள். முழங்கால் வரை சேறு. அன்றைக்கு அரை நாள் வேலை போயிற்று என்று மனசுக்குள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"முருகையன் குடும்பம்?"

"நாந்தாங்க அவங்க சம்சாரம். அவங்களால எழுந்து வர முடியாதுங்க."

"தெரியும், தெரியும். சங்கத்துச் சாமிதுரை சொன்னார். வீடு உண்டும்மா உனக்கு. ரேகையை இங்க வை."

அவள் கட்டை விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். வைக்கவில்லை. பெஞ்சின் மேலிருந்த தாளையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெருவுல இருபத்து மூணு குடிசைங்க. இருபத்திரண்டு வூடுதான்னு சொல்லிக்கிறாங்களே. வுட்டுப்போனது யாரு?"

"ரெங்கம்மாள்னு ஒரு பொம்பளை. தனி ஆள். புருஷன், பொண்டாட்டி, பிள்ளைங்க, அதான்மா குடும்பம். ஒண்டி ஆளைக் குடும்பம்னு எழுத ரூல் இல்ல."

"அவங்களுக்குக் கண்ணு தெரியாதுங்களே."

"அதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும்?" என்றார் வைத்தியலிங்கம். கோபமாகச் சொல்லவில்லை. நாலைந்து ஊரில் இதே வார்த்தையைச் சொல்லிச் சொல்லித் தேய்ந்து போன குரல் அது.

போன ஐப்பசிக் கடைசியில் அடித்த புயலில் அந்தத் தெருவில் ஒரு கூரை மிஞ்சவில்லை. அதற்குப் பிறகுதான் தொகுப்பு வீடு என்ற பேச்சு வந்தது. குடிசைகள் நின்ற இடமோ பண்ணை வெங்கடசுப்ரமணியனுடையது. அவர் மெட்ராஸில் இன்ஜினியர். ரோட்டோரம் என்பதால் அந்த இடத்தை ரைஸ் மில்லுக்குக் கேட்டு ஆள் வந்திருந்தது. குடியிருப்பு மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சட்டம் வந்து ஏழு வருஷம் ஆகியும், கோர்ட்டு வாய்தா என்று இழுத்துக்கொண்டே போய், ஒருத்தருக்கும் பட்டா கைக்கு வரவில்லை. கடைசியில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் சாமிதுரை பேசிப் பேசி ஒரு முடிவுக்குக் கொண்டுவந்திருந்தார். பண்ணை மேற்கே உள்ள தன்னுடைய திடலை விட்டுக் கொடுப்பது, சர்க்கார் அங்கே ஓட்டு வீடு கட்டித் தருவது, தெருவே ஒட்டுமொத்தமாகக் காலி செய்து எழுதிக் கொடுப்பது. இருபத்திரண்டு ரேகையும் விழவேண்டும். ஒன்று குறைந்தாலும் பரிவர்த்தனை இல்லை.

"நாளைக்கு வைக்கிறேங்க" என்றாள் அம்சம்.

"நாளைக்கு நான் வேற ஊர்ல இருப்பேன்."

"அப்ப நீங்க வர்ற அன்னைக்கு வைக்கிறேன்."

சாமிதுரை அவள் பின்னாலேயே வந்தார். அறுபதை நெருங்கும் ஒல்லி மனிதர். பத்து வருஷத்துக்கு முந்தைய கூலிச் சண்டையில் முறிந்த இடது கை கோணலாகத்தான் சேர்ந்திருந்தது.

"ஏம்மா, ஒரு தெரு பொழைப்ப நீ ஒருத்தி புடிச்சு நிறுத்துறியே?"

"நிறுத்தலண்ணே. ரெங்கம்மாக்காவ இஞ்ச வுட்டுட்டுப் போனா அவங்கள யாரு பாப்பான்னு தயங்கிக்கிட்டு நிக்கிறேன்."

"இடத்தையே மில்லுக்காரனுக்குக் குடுத்தாச்சு. ரெங்கம்மா இஞ்ச இருக்க முடியாது. அதோட தம்பி எரவாஞ்சேரியில இருக்கான், அங்க போவட்டும்."

"பகல் பூரா அவங்கள யாரு பாப்பான்னு கேட்டேன். சரி. எங்க வூட்டு மனுசனப் பகல்ல யாரு பாப்பான்னு கேட்டிங்களா நீங்க?"

 சாமிதுரைக்குத் தெரியாத விஷயம் ஒன்றுமில்லை.

முருகையன் விழுந்து நாலு வருஷம். அறுவடை முடிந்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு போன வண்டி மதகுப் பக்கம் குடைசாய்ந்ததில் ஆறு மூட்டை அவன் முதுகில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் அவனுடையதாக இல்லை. இரண்டு மணிக்கு ஒரு தரம் அவனைப் புரட்டிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். தண்ணீர் வேண்டும், ஒன்றுக்கு இரண்டுக்குச் சட்டி வைக்க வேண்டும், ஈ ஓட்ட வேண்டும். அம்சம் விடிவதற்குள் வயலில் இறங்கி, வெயில் தாழ்ந்துதான் கரையேறுவாள். அவள் இறங்காவிட்டால் உலை ஏறாது.

அந்தப் பகலையெல்லாம் பார்த்துக்கொண்டவள் ரெங்கம்மாள். ஒன்பது வயதில் பெரியம்மை போட்டு இரண்டு கண்ணும் போனவள். இப்போது வயது நாற்பத்து மூன்றோ நாலோ. கீற்று முடைவதில் அவள் விரலுக்கு அந்தச் சுற்று வட்டாரத்தில் ஈடு கிடையாது. காலையில் ஊறிய மட்டைகளை இழுத்துக்கொண்டு வந்து முருகையன் கட்டிலோரம் உட்கார்ந்துவிடுவாள். அவள் முடைவாள், அவன் பார்த்துச் சொல்வான்.

"அண்ணி, ஆடு வருது. சோத்தாங்கைப் பக்கம்."

"ஏய், ச்சூ!"

"அண்ணி, மூணாவது ஓலை வுட்டுப்போச்சு."

"தெரியும்டா. ஒன்ன சோதிச்சேன்."

முதல் தடவை அவள் சட்டி வைக்க வந்தபோது அவன் கூசிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். "கண்ணு தெரியாதவகிட்ட என்னடா வெக்கம்?" என்று அவள் சொன்னதில், விழுந்து நாலு மாதத்துக்குப் பிறகு அவன் முதல் தடவையாகச் சிரித்தான். அம்சம் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டேதான் அன்றைக்கு வரப்பேறி வந்தாள்.

அன்று சாயங்காலம் வயல் நண்டை நசுக்கிப் போட்டுக் குழம்பு வைத்து, ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ரெங்கம்மாள் குடிசைக்குப் போனாள் அம்சம்.

"அக்கா, எங்களோட வந்துருங்க. சர்க்கார் வூடுன்னா முன்பக்கம் தாவாரம் விடுறாங்களாம். தட்டி வச்சு மறைச்சுத் தர்றேன்."

ரெங்கம்மாள் நண்டுக் காலைச் சப்பிக்கொண்டிருந்தாள். முழுக்கச் சப்பி முடித்த பிறகுதான் பேசினாள்.

"முப்பது வயசு வரைக்கும் தம்பி வூட்டுத் தாவாரத்துல படுத்தேன் அம்சம். தம்பி பொண்டாட்டி நல்லவதான். ஒருநாளும் ஒண்ணும் சொன்னதில்ல. ஆனா வூட்டுக்குள்ள சண்ட வந்தா நான் எழுந்து எங்கியாவது போவணும். சிரிப்பு வந்தாலும் எழுந்து போவணும். இந்தக் குடிசைக்கு நானே கீத்து முடைஞ்சு, நானே படல் கட்டுனேன். படலச் சாத்துனா சாத்துனதுதான். மறுபடி தாவாரத்துக்கு வர மாட்டேன்."

"எங்க வூட்டுல ஒங்கள யாரு எழுந்துபோவச் சொல்லப்போறா?"

"யாரும் சொல்ல மாட்டீங்க. நானா எழுந்து போவேன். அதுதான் வேணாம்ங்கறேன். நீ ரேகைய வச்சுட்டுப் போ. அவனுக்கு வேற ஆள் பாரு."

வேறு ஆள் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நடவு நடந்துகொண்டிருந்தது. வயலில் பெண்களின் பேச்சு மாறிவிட்டது. முன்பெல்லாம் அம்சம் நடுவில் நின்று நடுவாள். இப்போது அவள் எந்தப் பக்கம் நின்றாலும் இரண்டு பக்கமும் ஒரு முழம் இடைவெளி விழுந்தது. "எங்க புள்ளைங்க மழைக்கு மழை கோயில் வாசல்ல போயி ஒண்டணும், ஒரு மவராசிக்குக் கைரேகை தேஞ்சுபோவுது" என்று யாரோ சேற்றைப் பார்த்துச் சொன்னார்கள். அம்சம் நிமிரவில்லை. அவர்கள் மேல் அவளுக்குக் கோபமும் வரவில்லை. புயலன்று கூரை பறந்தபோது கைப்பிள்ளையைத் தவலைக்குள் வைத்துக் காப்பாற்றியவள் அந்த வரிசையில்தான் நட்டுக்கொண்டிருந்தாள். அவளும் வீட்டுக்காகத்தான் காத்துக்கிடக்கிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாமல் அம்சம் நன்னிலம் தாலுகா ஆபீசுக்குப் போனாள். வைத்தியலிங்கம் சாப்பிட்டுவிட்டு டிபன் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டார்.

"கீழவடகரை. இருபத்திரண்டாவது ரேகை. உட்காரும்மா."

அவள் உட்காரவில்லை. சுவரோரம் நின்றபடியே முருகையனைப் பற்றியும் ரெங்கம்மாளைப் பற்றியும் சொன்னாள். யார் யாரைப் புரட்டுவது, யார் யாருக்கு ஆடு ஓட்டுவது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கேரியர் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, இந்த ஃபாரத்துல எத்தனை கட்டம் இருக்கு தெரியுமா? முப்பத்தியொண்ணு. என்ன சாதி, என்ன வருமானம், எத்தனை மாடு, எத்தனை கோழி, எல்லாம் கேட்டிருக்கான். பகல்ல யார் பார்த்துப்பான்னு ஒரு கட்டம் இல்ல. நான் என்ன பண்ண?"

"கட்டம் இல்லன்னா வெளியில எழுதுங்கய்யா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றது. பீரோவைத் திறந்து, நாலைந்து கட்டைப் பிரித்து, ஒரு தாளை எடுத்தார்.

"போன மாசம் கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து ஒரு சர்க்குலர் வந்தது. ஆதரவற்ற விதவைன்னா ஒண்டி ஆளா இருந்தாலும் குடும்பம்னு எடுத்துக்கலாம். தனியா ஒரு வீடு கூடுதலாப் போடலாம்."

"அவங்க கல்யாணமே கட்டலைங்களே."

"அதை நான் கேட்டேனா?" என்றார் வைத்தியலிங்கம், தாளைத் திரும்ப மடித்துக்கொண்டே. "அடுத்த புதன்கிழமை விசாரணைக்கு வர்றேன். தெரு முன்னால கேப்பேன். செத்துப்போன புருஷன் பேர் ஒண்ணு, செத்த தேதி ஒண்ணு, சாட்சிக் கையெழுத்து ரெண்டு. வந்தா எழுதிக்கிறேன். வரலைன்னா என்னை விட்டுடு. எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு."

அம்சம் போன வேகத்தைவிட வேகமாகத் திரும்பி வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் ரெங்கம்மாளின் கை ஓலையில் அப்படியே நின்றது.

"விதவைன்னு நான் சொல்லணுமா?"

"ஒரு வார்த்தைதானேக்கா."

"கண்ணு இல்லன்னு எழுதிக்கட்டும். ஒண்டியாக் கெடக்கேன்னு எழுதிக்கட்டும். ரெண்டும் நெசம். நெசத்துக்கு வூடு கெடையாதா? செத்தவன் ஒருத்தனக் காட்டுனாதான் கெடைக்குமா? யாரக் காட்டச் சொல்ற? சுடுகாட்டுல போயித் தடவி எடுக்கச் சொல்றியா?"

இவ்வளவு சத்தமாக அவள் பேசி அம்சம் கேட்டதில்லை. கட்டிலில் முருகையன் கண்ணை மூடிக்கொண்டான். அன்றைக்கு மீதிப் பொழுது முழுக்க ரெங்கம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைப் புரட்டுகிற நேரத்துக்குப் புரட்டினாள். தண்ணீர் கொடுத்தாள். ஆடு வந்து ஓலையை மேய்ந்தபோது அவனும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை வரைக்கும் அப்படியேதான் போயிற்று. இனிமேல் தன்னால் ஆகாது என்று அம்சத்துக்குத் தோன்றிவிட்டது. புதன்கிழமை ரேகையை வைத்துவிடுவது, பிறகு நடப்பதைப் பார்த்துக்கொள்வது. அப்படி முடிவு பண்ணியபோது துக்கம் வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

புதன்கிழமை வைத்தியலிங்கம் முருகையன் குடிசை வாசலிலேயே பெஞ்சைப் போடச் சொன்னார். அப்போதுதான் அவன் கட்டிலில் இருந்தபடியே விசாரணை பார்க்க முடியும். சாமிதுரை வந்தார். வேலைக்குப் போகாத பெண்களும் வந்து நின்றார்கள். இரண்டு மட்டைகளைத் தாண்டி நிதானமாக நடந்து வந்து ரெங்கம்மாள் தரையில் உட்கார்ந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"பேரு?"

"ரெங்கம்மா."

"கல்யாணம் ஆனவங்களா?"

அம்சம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமாங்க."

தெருவில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

"புருஷன் இருக்காரா?"

"இல்லைங்க."

"அவர் பேரு?"

 வைத்தியலிங்கம் பேனாவைத் தாளில் வைத்தபடி காத்திருந்தார். மறுபடி கேட்டார். அவள் புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"அவங்க பேர நான் எப்படிங்க சொல்றது?" என்றாள்.

 அங்கே நின்றவர்களும் கட்டின புருஷன் பேரை வாயால் சொல்லாத பெண்கள்தான். பொய் சொல்ல வந்தவளாக இருந்தால் ஒரு பேரைச் சொல்லிவிட்டுப் போயிருப்பாள்.

"அம்சம், நீ சொல்லேன்" என்றார் சாமிதுரை.

"எனக்கு என்னாண்ணே தெரியும்?"

"இராஜாங்கம்" என்றது கட்டில். எல்லாரும் திரும்பினார்கள். முருகையன் இரண்டு கையையும் கட்டில் சட்டத்தில் ஊன்றி, தலையைத் தூக்க முடிந்த அளவு தூக்கியிருந்தான். "எழுதிக்குங்கய்யா. இராஜாங்கம். எங்க அண்ணன்."

இராஜாங்கத்தைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. பத்து வருஷத்துக்கு முன்னால், பண்ணையார்கள் கூலி உயர்த்தாமல் வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுக்கப் போனபோது வயலுக்குக் குறுக்கே நின்றவன். தலையில் விழுந்த அடியில் சாய்ந்தான். தெருமுனைக் கொடிக்கம்பத்தின் அடியில் அவன் பேரைத்தான் பொறித்திருக்கிறார்கள். வருஷா வருஷம் அங்கே கூட்டம் போட்டுச் சாமிதுரை பேசுவார். கல்யாணம்கூட ஆகாத இளைஞன் என்று சொல்லாமல் முடிக்க மாட்டார்.

வைத்தியலிங்கம் எழுதினார்.

"இறந்த தேதி?"

"தை பொறக்க ஆறு நாளு இருந்துச்சுங்க" என்றாள் ரெங்கம்மாள் உடனே. "ஆஸ்பத்திரியில மூணு நாளு கெடந்தாங்க. செவ்வாக்கெழம, விடிஞ்சு கோழி இறங்குற நேரம். பாரவண்டியிலதான் கொண்டாந்தாங்க. மதகுல வண்டி ஏறுன சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

சாமிதுரை தன் கோணல் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வண்டியில் கூட வந்தவர் அவர்தான்.

"சாட்சி?" என்றார் வைத்தியலிங்கம்.

 சாமிதுரை வந்து குனிந்து கையெழுத்துப் போட்டார். அடுத்ததாக, கைப்பிள்ளையைத் தவலையில் வைத்துக் காப்பாற்றியவள் முன்னால் வந்து, "எனக்கும் தெரியுங்க" என்று கட்டை விரலை நீட்டினாள். வைத்தியலிங்கம் எதுவும் கேட்காமல் மையைத் தடவினார். கடைசியாக அம்சத்தின் ரேகையும் விழுந்தது.

எல்லாரும் போன பிறகு அம்சம் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நெசமா?"

"அண்ணன் கேட்டான். நாந்தான் தூது போனேன். கண்ணு தெரியாதவள எதுக்கு இழுத்துக்கிட்டுன்னு அண்ணி மூணு மாசம் பதிலே சொல்லல. அப்பறம், அறுப்பு முடியட்டும், பாக்கலாம்னுச்சு. அந்த அறுப்புலதான் அண்ணன் போயிட்டான்." அவன் கொஞ்சம் மூச்சு வாங்கினான். "தாலி கட்டல. அதனால யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிச்சு. அண்ணின்னு சும்மா முறைக்குக் கூப்புடுறேன்னுதானே நீயும் நெனச்ச?"

அம்சம் ஆமாம் என்று தலையாட்டினாள். வெளியே ரெங்கம்மாள் அவிழ்ந்து கிடந்த மட்டைகளை ஒன்றாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் எதையாவது கேட்கலாமா என்று அம்சத்துக்குத் தோன்றியது. கேட்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீடு எழும்ப மாசி வரைக்கும் ஆயிற்று. நடுவில் மழைக்கு ஒரு மாதம் வேலை நின்றது, செங்கல் வராமல் இரண்டு மாதம் நின்றது. வீட்டைக் குலுக்கலில் பிரித்தார்கள். கடைசி இரண்டை மட்டும் குலுக்கலில் சேர்க்க வேண்டாம் என்று வைத்தியலிங்கம் சொல்லிவிட்டார். இருபத்திரண்டாவது வீடு முருகையனுக்கு, இருபத்து மூன்றாவது ரெங்கம்மாளுக்கு. முருகையனைக் கட்டிலோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு ஒன்றரை மைல் வந்தார்கள். தெருவை விட்டுத் திரும்பும்போது அவன் கொடிக்கம்பத்தைப் பார்த்தானா என்று யாரும் கவனிக்கவில்லை. வெயிலுக்கு முகத்தில் துண்டு போட்டிருந்தது.

திடலில் அடிபம்பு போட்டிருந்தார்கள். தண்ணீர் சவர், உப்புக் கரித்தது. குடிக்கத் தண்ணீருக்கு வாய்க்கால் வரைக்கும் போகவேண்டியிருந்தது. வயலும் முன்பைவிட ஒன்றரை மைல் தள்ளிப்போயிற்று. உளுந்து பறித்துவிட்டு வருகிற அம்சத்துக்குக் கெண்டைக்கால் கல்லாகிவிடும். ஓடு போட்ட வீடுதான். முன்புறம் தாவாரம். மரக்கதவு. கதவைப் போட்டுத் தாழ்ப்பாள் தள்ளுகிற சத்தம் முதல் நாள் இருபத்து மூன்றாவது வீட்டில் நாலைந்து தரம் கேட்டது. திறந்து திறந்து சாத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள் ரெங்கம்மாள்.

கான்ட்ராக்டர் ஆளாகக் குடவாசலிலிருந்து வந்த மீரா உசேன் ஒவ்வொரு வாசலிலும் பேர் எழுதிக்கொண்டு வந்தார். நீலப் பெயின்ட். பொடி எழுத்தைக்கூட நிதானமாகக் கட்டம் கட்டி எழுதுகிற மனிதர். அம்சம் களத்திலிருந்து வந்தபோது கடைசி வீட்டில் முடித்துவிட்டு பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னா எழுதியிருக்கு?" என்றாள் ரெங்கம்மாள்.

அம்சத்துக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுத் தாவாரத்தில் கட்டிலில் கிடந்த முருகையன்தான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். கழுத்தைத் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"ஆதரவற்ற விதவை ரெங்கம்மாள். கணவர் பெயர் இராஜாங்கம். வீட்டு எண் இருபத்து மூணு."

 ரெங்கம்மாள் மெல்ல எழுந்து சுவர்ப் பக்கம் வந்தாள். பெயின்ட்டைத் தொட்டுவிடாமல், ஒரு சாண் தள்ளிக் கையை வைத்து நின்றாள்.

"விதவைன்னு இருக்கட்டும். அது நெசம். அவங்க பேரும் இருக்கட்டும். முன்னாடி ஒரு வார்த்தை இருக்கே, அது யாரு சொன்னது?"

"லிஸ்டுல இருக்குறத எழுதினேம்மா" என்றார் மீரா உசேன் சங்கடமாக. "ஆபீஸ் லிஸ்ட்."

"ஆதரவில்லன்னு நான் யாருகிட்டயாவது சொன்னேனா? பக்கத்து வூட்டுல ஒரு கொழுந்தன் கெடக்கான். ஓரகத்தி ஒருத்தி நிக்கிறா. அத மட்டும் அழிச்சுடுங்க."

அவர் அம்சத்தைப் பார்த்தார். அம்சத்துக்கு ஒன்றரை மைல் நடந்து வந்த கால் கடுத்தது. இன்னும் தண்ணீர் எடுக்கவில்லை, அடுப்பு மூட்டவில்லை. மீரா உசேன் பேசாமல் மண்ணெண்ணெயில் ஒரு துணியை நனைத்து அம்சத்தின் கையில் கொடுத்துவிட்டு, டப்பாக்களை எடுத்துக்கொண்டு சைக்கிள் பக்கம் போனார்.

"எது வரைக்குங்க அந்த வார்த்த?"

"மொத ஆறு எழுத்து" என்றான் முருகையன்.

அவள் எண்ணி எண்ணித் துடைத்தாள். புதுச் சுண்ணாம்பில் பெயின்ட் நன்றாக இறங்கியிருந்தது. தேய்க்கத் தேய்க்க நீலம் பரவி, கையெல்லாம் ஏறி, சுவரில் ஒரு முழத்துக்குக் கறையாக நின்றது. உற்றுப் பார்த்தால் எழுத்தின் கோடு அடியில் தெரியத்தான் செய்தது.

"போயிடுச்சா?" என்றாள் ரெங்கம்மாள்.

"போயிடுச்சுக்கா."

ரெங்கம்மாள் தலையை ஆட்டிவிட்டு முருகையன் கட்டிலுக்குப் போனாள். புரட்டுகிற நேரம் ஆகிவிட்டது. அம்சம் கையைப் புடவையில் துடைத்துப் பார்த்தாள், நீலம் விடவில்லை. அப்படியே குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்காலைப் பார்த்து நடந்தாள்.